ஏலத்தில் பழம்பொருள் வாங்குதல்: மலேசியத் தமிழருக்கான முழுமையான வழிகாட்டி

ஏலக் கூடத்திற்கு முதன்முறையாக வருபவர்களில் பெரும்பாலோர் வேலையைத் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். கையை உயர்த்திய பிறகே நிபந்தனைகளைப் படிக்கிறார்கள். பொருளை வீட்டிற்குக் கொண்டு வந்த பிறகே அதை வெளிச்சத்தில் பார்க்கிறார்கள். நான் தொடக்கத்தில் இழந்த பணத்தில் பெரும்பகுதி இந்த வரிசைக் குழப்பத்தால் போனதுதான். பின்னர் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் என்னுடன் ஏலத்திற்கு வந்த புதியவர்களிடமும் இதையே கண்டேன். ஆகவே இங்கே ஒவ்வொரு படியும் எதற்கு முன்னால் வர வேண்டுமோ அந்த வரிசையிலேயே தரப்பட்டுள்ளது. பழைய நாணயம், பணத்தாள், தபால்தலை, கணக்கேடு, பித்தளைப் பொருள் ஆகியவையே இந்த வழிகாட்டியின் எல்லை. ஓவியத்தையும் பீங்கானையும் நான் தொடவில்லை.

1. ஒரு துறையை மட்டும் தேர்ந்தெடுங்கள்

ஏலத்தில் நீங்கள் தனியாக விலை கேட்பதில்லை. உங்களுக்கு எதிரே அந்தத் துறையில் இருபது ஆண்டுகள் பழகிய ஒரு வியாபாரி அமர்ந்திருப்பார். எல்லாவற்றிலும் சிறிது வாங்குபவர் ஒவ்வொரு லாட்டிலும் (ஓர் எண்ணின் கீழ் ஏலம் விடும் பொருள் அல்லது பொருள்தொகுதி) தம்மைவிட அதிகம் அறிந்தவரோடு மோத வேண்டியிருக்கும். ஒரே துறையில் ஓராண்டு நிலைத்து நின்றால் இந்த இடைவெளி குறையும்.

தமிழ் படிக்கத் தெரிந்தவருக்கு இந்நாட்டில் ஓர் அரிய வாய்ப்பு உண்டு. செட்டியார்கள் வட்டித்தொழில் நடத்திய கிட்டங்கிகளிலிருந்து வெளிவந்த கணக்கேடுகள், கடன் பத்திரங்கள், தோட்டத்துக் கங்காணிகளின் குறிப்பேடுகள், கோவில் திருவிழா அழைப்பிதழ்கள், 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன தமிழ் நேசன் நாளிதழின் பழைய பிரதிகள் ஆகியவை ஏலத்திற்கு வருகின்றன. பட்டியலைத் தயாரிப்பவருக்குத் தமிழ் தெரியாத இடத்தில் இவற்றைப் பற்றிய குறிப்பு, ‘இந்திய எழுத்தில் பழைய ஏடு, ஒன்று’ என்ற அளவோடு நின்றுவிடும். அந்த ஏட்டில் பெயரும் ஊரும் ஆண்டும் இருப்பதை நீங்கள் படித்து அறியலாம். எதிரே இருப்பவரால் இயலாது. நாணயம் சேர்க்க விரும்புபவரைத் தடுக்கவில்லை. ஆனால் இரண்டுக்கும் இடையே தயங்குபவருக்கு நான் எழுத்தாவணத்தையே பரிந்துரைக்கிறேன்.

2. வாங்கக் கூடாதவற்றை முதலில் ஒதுக்குங்கள்

விலையைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். பிடித்துப்போன பொருளைச் சட்டத்திற்காகக் கைவிட மனம் எளிதில் இசைவதில்லை. விருப்பம் தோன்றுவதற்கு முன்னரே விலக்கிவிட்டால் அந்தப் போராட்டம் இல்லை.

முதலாவது, தமிழ்நாட்டுச் செப்புத் திருமேனிகளும் கற்சிலைகளும். இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைக்கருவூலச் சட்டத்தின்படி நூறு ஆண்டுகளைக் கடந்த தொல்பொருளையும், எழுபத்தைந்து ஆண்டுகளைக் கடந்த வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துச் சுவடியையும் தனியார் எவரும் நாட்டை விட்டுக் கொண்டு செல்ல முடியாது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோவிலிலிருந்து திருடப்பட்ட நடராசர் சிலையை ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008இல் பெரும் விலை கொடுத்து வாங்கியது. 2014இல் அது இந்தியாவிடம் திருப்பி அளிக்கப்பட்டது. வல்லுநர்களை வைத்திருக்கும் நிறுவனத்துக்கே இந்த நிலை என்றால், ‘தாத்தா காலத்தில் கப்பலில் வந்தது’ என்ற வாய்மொழியை நம்பி நாம் வாங்குவது எவ்வளவு பாதுகாப்பானது என்பதை எண்ணிப் பாருங்கள். எப்போது, யார் வழியாக இந்நாட்டிற்கு வந்தது என்பதற்கு எழுத்துச் சான்று இல்லாத சிலையை நான் கையிலும் எடுப்பதில்லை. ஓலைச்சுவடிக்கும் இதே விதியைக் கடைப்பிடிக்கிறேன்.

இரண்டாவது, தந்தம், ஆமையோடு, காண்டாமிருகக் கொம்பு ஆகியவை சேர்ந்த பொருள்கள். பழைய பேனாக்கத்தியின் பிடியிலும் நகைப்பெட்டியில் பதித்த வேலைப்பாட்டிலும்கூட இவை இருக்கும். அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை மலேசியாவில் 2008ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. அனுமதியின்றி எல்லை தாண்டும் பொருள் பறிமுதலாகும். மூன்றாவது, துப்பாக்கி. அது சுடாத நிலையில் இருந்தாலும் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் உரிமம் குறித்து முதலில் காவல் நிலையத்தில் கேட்டறியுங்கள்.

மலேசியாவுக்குள் கிடைத்த பொருளாயினும் 2005ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டத்தை மறக்கக் கூடாது. மரபுடைமைப் பொருளை உரிமம் இல்லாமல் வெளிநாட்டிற்கு அனுப்ப முடியாது. பின்னாளில் சிங்கப்பூரிலோ லண்டனிலோ விற்கலாம் என்ற கணக்கோடு வாங்குபவர்கள் இதை வாங்குவதற்கு முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

3. கருவிகளைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்

பத்து மடங்கு பெரிதாக்கும் சிறு உருப்பெருக்கி, 0.01 கிராம் வரை காட்டும் பைத் தராசு, விட்டம் அளக்கும் வெர்னியர் அளவி, சிறு காந்தம், வெள்ளை ஒளி டார்ச், புறஊதா டார்ச், ஒரு குறிப்பேடு, பென்சில் ஆகியவை போதும்.

பேனாவைக் கொண்டு செல்லாதீர்கள். ஆவணங்களைப் பார்க்கும் மேசையில் மை எதுவும் இருக்கக் கூடாது என்பது பொதுவான நடைமுறை. காகிதத்தைத் தொடுவதற்குப் பருத்திக் கையுறையைவிடக் கழுவி உலர்த்திய வெறுங்கையே மேலானது. கையுறை விரலின் உணர்வை மழுங்கச் செய்து, தாளின் விளிம்பு கிழியக் காரணமாகிறது. உலோகத்திற்கு மட்டும் கையுறை அணியுங்கள்.

4. விலை கேட்பதற்கு முன் மூன்று மாதங்கள் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்களே அதிகம். கடையிலும் இணையத்திலும் எழுதியிருக்கும் விலை விற்பவரின் ஆசை; ஏலத்தில் முடிந்த விலைதான் இருவர் போட்டியிட்டுக் கண்ட விலை. பல ஏல நிறுவனங்கள் தங்கள் பழைய ஏல முடிவுகளை இணையத்தில் வைத்திருக்கின்றன. உங்கள் துறையில் வரும் ஐம்பது லாட்டுகளையாவது எடுத்து, மதிப்பீட்டு விலை, முடிந்த விலை, பொருளின் நிலை ஆகிய மூன்றையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். வாங்காமல் போன ஐம்பது லாட்டுகள் தரும் பாடத்தை வாங்கிய ஐந்து தருவதில்லை.

கண்ணுக்குப் பயிற்சி கொடுப்பது போலக் கைக்கும் கொடுக்க வேண்டும். பினாங்கில் இருப்பவர்கள் காலையில் லோரோங் கூலிட் சந்தைக்குப் போகலாம். கோலாலம்பூர்க்காரர்கள் பெட்டாலிங் ஜெயாவின் ஆம்கார்ப் மாலில் வாரக் கடைசியில் கூடும் பழம்பொருள் சந்தையைப் பார்க்கலாம். அங்கே சில ரிங்கிட்டுக்குத் தேய்ந்த செப்புக் காசுகளை வாங்கி எடை போட்டுப் பழகுங்கள். ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ் (பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதி) காலத்துச் சதுர ஒரு சென்ட் காசு இதற்கு ஏற்றது: எளிதில் கிடைக்கும், தேய்மானம் எங்கே முதலில் தொடங்குகிறது என்பதை மன்னரின் கிரீடத்திலேயே காட்டிவிடும்.

5. பட்டியலையும் நிபந்தனைகளையும் வரிவரியாகப் படியுங்கள்

பட்டியலின் சொற்கள் கவனமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. ‘19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த விளக்கு’ என்பதற்கும் ‘19ஆம் நூற்றாண்டுப் பாணியிலான விளக்கு’ என்பதற்கும் உள்ள வேறுபாடு ஒரு சொல்தான். முன்னது காலத்திற்குப் பொறுப்பேற்கிறது. பின்னது தோற்றத்தை மட்டும் சொல்கிறது. நேற்று வார்த்த விளக்கையும் பின்னதைப் போல விவரிக்கலாம்.

நிபந்தனைகளில் நான்கு செய்திகளைத் தேடி அடிக்கோடிடுங்கள். ஏலத்தில் முடிந்த விலைக்கு மேல் நிறுவனம் வசூலிக்கும் வாங்குபவர் கட்டணம் எத்தனை விழுக்காடு, அதன்மீது வரி உண்டா என்பது முதலாவது. பணம் செலுத்தவும் பொருளை எடுத்துச் செல்லவும் எத்தனை நாள், தாமதித்தால் கிடங்குக் கட்டணம் எவ்வளவு என்பது இரண்டாவது. போலி என்று தெரியவந்தால் எத்தனை நாளுக்குள், எத்தகைய சான்றோடு திருப்பித் தரலாம் என்பது மூன்றாவது. பல பொருள்களை ஒன்றாகக் கட்டிய லாட்டுகளுக்குப் பெரும்பாலும் இந்த உரிமை இருப்பதில்லை. நான்காவது, பொருளை ‘உள்ளது உள்ளபடியே’ விற்கிறோம் என்ற வாசகம். அது இருந்தால், விரிசலையும் ஒட்டுப்போட்ட இடத்தையும் கண்டுபிடிப்பது முழுக்க உங்கள் வேலை.

பொருளின் நிலை பற்றிய அறிக்கையை எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் ‘நல்லாத்தான் இருக்கு’ என்று கிடைக்கும் பதில் பின்னால் உதவாது. கேள்வியும் குறிப்பாக இருக்க வேண்டும்: ‘ஏட்டில் எத்தனை தாள்கள் உள்ளன, எண்ணிட்ட தாள்களில் எவை இல்லை, தையல் பழையதா?’ என்று கேட்டால் எண்ணிப் பார்த்துத்தான் பதில் எழுத முடியும்.

6. முன்பார்வை நாளில் பொருளைச் சோதியுங்கள்

ஏலத்துக்கு முந்தைய நாட்களில் பொருள்களைப் பார்வைக்கு வைப்பார்கள். இந்த நாளுக்குப் போகாதவர் ஏலத்திற்கும் போகாமலிருப்பது நல்லது. காலையில், கூட்டம் சேருவதற்கு முன்பே செல்லுங்கள். எடைபோடுவதற்கும் புறஊதா ஒளி காட்டுவதற்கும் முன்னதாக அனுமதி கேளுங்கள். மறுப்பவர்கள் குறைவு, ஆனால் கேட்காமல் தராசை எடுப்பவரை யாருக்கும் பிடிக்காது.

நாணயம்: எடையிலிருந்து தொடங்குங்கள், ஏனெனில் கண்ணை ஏமாற்றுபவருக்கும் எடையையும் விட்டத்தையும் ஒருசேரச் சரியாக்குவது கடினம். ஸ்ட்ரெய்ட்ஸ் வெள்ளி டாலர் 1903இல் முதன்முதலில் வெளிவந்தபோது 26.95 கிராம், ஏறத்தாழ 37 மில்லிமீட்டர். 1907இல் அதைச் சுருக்கி 20.21 கிராம் ஆக்கினார்கள். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் டாலர் 16.85 கிராம், வெள்ளியும் பாதிதான். தேய்மானத்தால் கிராமில் சிறு பகுதி குறையலாம். இரண்டு கிராம் குறைந்தால் அது தேய்மானம் அன்று. கூடுதலாக இருந்தால் கேள்வியே வேண்டாம், ஒதுக்கிவிடுங்கள். காந்தம் இழுத்தாலும் அவ்வாறே. 1895 முதல் அச்சான, பிரிட்டானியா உருவம் பொறித்த வணிக டாலருக்கும் 26.95 கிராம்தான், இதன் போலிகள் சந்தையில் மிகுதி. வார்த்தெடுத்த போலியில் எழுத்தின் ஓரம் மழுங்கியும் பரப்பில் ஊசிமுனைக் குழிகளோடும் இருக்கும். விளிம்பைச் சுற்றிலும் உருப்பெருக்கியால் பாருங்கள். இரு பாதிகள் சேர்ந்த கோடு தெரிந்தால் அது அச்சடித்ததல்ல.

கழுவிய நாணயத்தை அறிவது இதைவிடக் கடினம். அச்சடித்த வெள்ளியைச் சாய்த்துச் சுழற்றினால் ஒளி சக்கரம் போலச் சுற்றிவரும். தேய்த்துக் கழுவியதில் ஒளி அசையாமல் ஒரே சீராக நிற்கும். உருப்பெருக்கியில் ஒரே திசையில் ஓடும் மயிரிழைக் கீறல்கள் தெரியும். அத்தகைய நாணயத்திற்குத் தரச்சான்று தரும் நிறுவனங்கள் 70 புள்ளி அளவுகோலில் எண் தராமல், குறையை மட்டும் குறித்து அனுப்பிவிடும்.

பணத்தாள்: ஜப்பானியர் ஆட்சிக்கால வாழைமர நோட்டை எல்லாரும் முதலில் வாங்குகிறார்கள். மலாயாவுக்கு அச்சிட்டவற்றின் குறியெழுத்து ‘எம்’ என்று தொடங்கும். ‘பி’ என்று தொடங்குவது பர்மாவின் ரூபாய்த்தாள். வரிசை எண் கொண்ட தொடக்கக்கால நோட்டுகளுக்கே மதிப்பு. எண் இல்லாத பிற்கால நோட்டுகள் மலிந்து கிடக்கின்றன. ஒரே வரிசை எண்ணுடன் இரண்டு தாள்களைக் கண்டால் இரண்டையுமே சந்தேகியுங்கள், சுற்றுலாப் பயணிக்காக அச்சிட்டவையாக இருக்கலாம். தாளைக் கிடையாகப் பிடித்து டார்ச்சைப் பக்கவாட்டில் காட்டினால், அழுத்தி மறைத்த மடிப்புகளும் ஒட்டுப்போட்ட கிழிசல்களும் நிழலாக எழுந்து வரும்.

தபால்தலை: 1867 செப்டம்பருக்கு முன் பினாங்கில் இந்தியத் தபால்தலைகளே புழங்கின. அவற்றில் ‘பி 147’ என்ற முத்திரை இருந்தால் அது பினாங்கில் குத்தியது. மலாக்காவுக்கு 109, சிங்கப்பூருக்கு 172. இந்த எண்ணுக்காகவே விலை பல மடங்கு கூடுவதால், எண்ணைப் பின்னால் சேர்ப்பவர்களும் உண்டு. முத்திரையின் மை தபால்தலையோடு முடிந்துவிடாமல் உறையின் மீதும் தொடர்கிறதா என்று பாருங்கள். சுபாஷ் சந்திர போஸின் சுதந்திர இந்திய இயக்கத்தின் பெயரிலான ஆசாத் ஹிந்த் தபால்தலைகளைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை: அவை 1943இல் ஜெர்மனியில் அச்சிடப்பட்டன, தபாலில் பயன்படவே இல்லை. மலாயா முத்திரை குத்திய ஆசாத் ஹிந்த் உறையை, இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர் வீட்டிலிருந்து வந்தது என்ற கதையோடு யாரேனும் நீட்டினால் கதையைக் கேட்டுவிட்டு உறையைத் திருப்பிக் கொடுங்கள்.

எழுத்தாவணம்: இங்கேதான் நமக்கு உரிய பலம். ஒரு கடன் பத்திரத்தில் காலத்தைச் சொல்லும் அடையாளங்கள் குறைந்தது மூன்று இருக்கும். அவை ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும்.

ஆங்கில ஆண்டு ஒன்று. பத்திரத்தில் ஒட்டிய வரி முத்திரைத்தலையில் உள்ள மன்னர் இரண்டு: ஏழாம் எட்வர்டு 1901 முதல் 1910 வரை, ஐந்தாம் ஜார்ஜ் 1936 வரை, ஆறாம் ஜார்ஜ் 1952 வரை. பழைய இருப்பு தீரும்வரை முந்தைய மன்னரின் தலையைச் சிறிது காலம் ஒட்டியிருக்கலாம். ஆனால் 1930இன் பத்திரத்தில் ஆறாம் ஜார்ஜ் இருக்க வழியில்லை. தமிழ் ஆண்டு மூன்று: 1927 ஏப்ரலில் பிரபவ தொடங்கியது, அதிலிருந்து எண்ணினால் 1935 யுவ. ‘யுவ வருடம் ஆவணி’ என்று எழுதிய பத்திரத்தில் ஆங்கிலத் தேதி 1935 ஆகஸ்டாகவோ செப்டம்பராகவோ இருக்க வேண்டும். போலி செய்பவர் மன்னரைச் சரியாகப் பிடித்துவிடுவார். அறுபதாண்டுச் சுற்றில் பலரும் தவறிவிடுகிறார்கள்.

தமிழ் எண்களையும் படித்துப் பழகுங்கள். பழைய முறையில் 1935 என்பதை ௲௯௱௩௰௫ என்று எழுதுவார்கள். புதிய முறையில் ௧௯௩௫. ஒரே ஏட்டில் இரண்டும் கலந்து வந்தால் அதனாலேயே சந்தேகப்பட வேண்டியதில்லை, எழுதிய கணக்கப்பிள்ளைகள் இருவராக இருக்கலாம். ஜப்பானியர் காலத்துத் தாளில் 2602, 2603 என்ற ஆண்டுகளைக் கண்டு அச்சுப்பிழை என்று ஒதுக்கிவிடாதீர்கள்; அவை 1942, 1943.

இறுதியாகப் புறஊதா ஒளி. காகிதத்தை வெளுப்பாகக் காட்டும் ஒளிர்பொருள்களைப் போருக்குப் பிந்திய காலத்தில்தான் பரவலாகச் சேர்க்கத் தொடங்கினார்கள். 1920களின் பத்திரம் புறஊதா ஒளியில் நீலமாகப் பளிச்சிட்டால் அந்தக் காகிதத்தின் வயதைச் சந்தேகியுங்கள். தேநீரில் நனைத்துப் பழுப்பாக்கிய தாளும் இந்தச் சோதனையில் பல வேளைகளில் அகப்பட்டுவிடும்.

பித்தளை: குத்துவிளக்கு பல பகுதிகளை மரையால் திருகிச் சேர்த்தது. அதைப் பிரித்துப் பார்க்காமல் நான் ஒருமுறை வாங்கினேன். அடியும் தண்டும் பழையவை, மேலே இருந்த அன்னம் வேறொரு விளக்கிலிருந்து வந்தது. வீட்டில் எண்ணெய் துடைத்தபோதுதான் இரண்டு உலோகங்களின் நிறமும் வேறு என்று தெரிந்தது. பட்டியலில் ‘உள்ளது உள்ளபடியே’ என்றிருந்ததால் திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை. அதன்பின் அனுமதி பெற்று ஒவ்வொரு மரையையும் கழற்றிவிடுகிறேன். கையால் வெட்டிய பழைய மரை சீரற்று இருக்கும், ஒரு பகுதி தன் இணையோடு மட்டுமே முழுதாகத் திருகும்.

தேய்மானம் கை படும் இடத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். உண்மையில் புழங்கிய வெற்றிலைப் பெட்டியின் மூடி விளிம்பும் செம்பின் கழுத்தும் வழுவழுப்பாக இருக்கும், குடைவுகளில் மட்டும் கறை தங்கும். எல்லா இடத்திலும் ஒரே அளவு கறுத்த பொருள் பெரும்பாலும் அமிலத்தில் குளித்ததாக இருக்கும்.

7. உச்ச விலையை வீட்டிலேயே எழுதி முடியுங்கள்

முன்பார்வை முடிந்த அன்று இரவே எழுதுங்கள். ஏலக் கூடத்தில் எழுதும் எண் உங்களுடையதாக இருக்காது. பக்கத்தில் இருப்பவரின் கை எழுதுவதாக இருக்கும்.

கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். இந்தப் பொருளுக்கு மொத்தமாக 1,500 ரிங்கிட்தான் செலவழிப்பேன் என்று வைத்துக்கொள்வோம். அனுப்பும் செலவு 60, வாங்குபவர் கட்டணம் 20 விழுக்காடு. 1,500இலிருந்து 60ஐக் கழித்தால் 1,440, அதை 1.2ஆல் வகுத்தால் 1,200. ஏலத்தில் உங்கள் கடைசிக் குரல் 1,200 ரிங்கிட்டோடு நிற்க வேண்டும். புதியவர் 1,500 வரை கேட்டுவிட்டுக் கையில் வரும் 1,860 ரிங்கிட் ரசீதைக் கண்டு திகைக்கிறார். கட்டணத்தின்மீது வரி இருந்தால் வகுக்கும் எண் இன்னும் பெரிதாகும்.

வெளிநாட்டு ஏலமானால் நாணய மாற்று, வங்கிக் கட்டணம், காப்பீடு, சுங்கம் ஆகியவற்றையும் சேருங்கள். இணையத்தில் வாங்கி வெளிநாட்டிலிருந்து வரும் 500 ரிங்கிட்டுக்கு மேற்படாத பொருள்களுக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி நடைமுறையில் உள்ளது. அதற்கு மேற்பட்டவற்றிற்குச் சுங்கத் துறையின் வகைப்பாட்டு எண் முக்கியம்: தபால்தலைக்கு 9704, சேகரிப்பு நாணயம் முதலியவற்றுக்கு 9705, நூறாண்டைக் கடந்த பழம்பொருளுக்கு 9706. அனுப்புபவர் வெறுமனே ‘உலோகப் பொருள்’ என்று எழுதினால் வேறு தலைப்பில் வரி கணக்கிடப்படலாம். எனவே விலைச்சீட்டில் எண்ணோடு எழுதும்படி முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

8. பதிவு செய்து விலை கேளுங்கள்

பதிவுக்கு அடையாள அட்டையும் சில இடங்களில் முன்பணமும் கேட்பார்கள். இணையவழிப் பதிவை இரண்டு நாள் முன்னதாகவே முடியுங்கள். ஏல நாளன்று ஒப்புதல் வந்து சேராமல் ஏமாந்தவர்கள் உண்டு.

நேரில் வர இயலாவிட்டால் உச்ச விலையை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம். ஏல நிறுவனம் உங்களுக்காகத் தேவையான அளவு மட்டும் உயர்த்திக் கேட்கும். இருவர் ஒரே தொகையை எழுதியிருந்தால் முதலில் கொடுத்தவருக்கே பொருள் என்பது வழக்கமாதலால் முன்னதாகக் கொடுப்பது நல்லது. இணையத்தில் நேரலையாகக் கேட்பதைவிட நான் இதையே விரும்புகிறேன். திரையில் வரும் குரல் சில நொடி பின்தங்கி வருவதால் மூன்றாம் தரம் முடிந்த பிறகு பொத்தானை அழுத்திக்கொண்டிருக்க நேரும்.

கூடத்தில் அமர்ந்தால் பின்வரிசையில் அமருங்கள். யார் யார் கேட்கிறார்கள் என்பது தெரியும். தொடக்கத்திலேயே கையை உயர்த்தாமல், போட்டி இரண்டு பேராகக் குறையும்வரை பொறுத்திருங்கள். தீபகற்ப மலேசியாவில் பொருந்தும் 1957ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்தின்படி, சுத்தியல் விழும்போதுதான் விற்பனை நிறைவடைகிறது. அதுவரை கேட்டவர் தம் கேட்பைத் திரும்பப் பெறலாம். லாட் எண்ணைத் தவறாகக் கேட்டுவிட்டதாக உணர்ந்தால் வெட்கப்படாமல் உடனே உரக்கச் சொல்லுங்கள். சுத்தியல் விழுந்த பிறகு சொல்வதில் பயனில்லை.

உச்ச விலையைத் தாண்டினால் குறிப்பேட்டை மூடுங்கள். ‘இன்னும் ஐம்பது ரிங்கிட்தானே’ என்ற எண்ணம் வரும். எதிரே இருப்பவருக்கும் அதே எண்ணம்தான் வந்துகொண்டிருக்கும்.

9. பணம் செலுத்திப் பொருளைப் பெறும்போது

ரசீதில் லாட் எண், பட்டியலில் இருந்த முழு விவரம், சுத்தியல் விலை, கட்டணம் ஆகியவை தனித்தனியாக இருக்க வேண்டும். ‘பழைய பொருள், ஒன்று’ என்ற ரசீதை ஏற்காதீர்கள். பின்னாளில் உங்கள் உரிமையையும் பொருளின் வரலாற்றையும் நிலைநாட்டும் முதல் தாள் இதுவே.

பொருளை அங்கேயே மேசையில் வைத்து, முன்பார்வையில் எடுத்த குறிப்போடு ஒப்பிடுங்கள். தாள்களை மறுபடி எண்ணுங்கள். அஞ்சலில் வந்தால் உறையைப் பிரிப்பதைத் தொடக்கத்திலிருந்து காணொளியாக எடுங்கள். முறையீட்டுக்கு உரிய நாட்கள் பெரும்பாலும் குறைவு. ‘தீபாவளிக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று பெட்டியைப் பிரிக்காமலே வைத்திருந்த ஒருவர், பிரித்தபோது கெடு முடிந்திருந்தது.

10. வீட்டிற்கு வந்த பிறகு

எதையும் கழுவாதீர்கள். வெள்ளிக்கிழமைக்கு விளக்கைப் புளியும் சாம்பலும் போட்டுத் துலக்குவது நம் வீடுகளின் பழக்கம். பூசை விளக்கிற்கு அது சரி. என்னோடு வந்த ஒருவர் 1903 வெள்ளி டாலர் ஒன்றை வாங்கிச் சென்று, அதன் மேலிருந்த கருநீலப் படிவை அழுக்கென்று எண்ணிப் புளியில் ஊறவைத்துவிட்டார். மறுநாள் அது பளபளத்தது. சேகரிப்பாளர் எவரும் அதன்பின் அதற்கு வெள்ளியின் விலைக்கு மேல் தரவில்லை. அந்தப் படிவு நூறாண்டுக் காலம் காற்றில் வளர்ந்தது, மீண்டும் உண்டாக்க முடியாதது.

மரப்பொருளை மற்றவற்றோடு சேர்க்காமல் குறைந்தது இரண்டு வாரம் வெள்ளைத்தாளின் மேல் தனியே வையுங்கள். தாளில் மெல்லிய மரத்தூள் விழுந்தால் உள்ளே பூச்சி உயிரோடு இருக்கக்கூடும். பழைய ஏட்டுக் கட்டுகளில் வெள்ளிமீன் பூச்சியும் அதன் முட்டைகளும் வரும். ஒவ்வொரு தாளையும் மென்தூரிகையால் துடைத்த பிறகே அலமாரிக்குள் வைக்க வேண்டும்.

நம் ஊரின் ஈரக்காற்றே பெரிய பகை. புகைப்படக்காரர்கள் கேமரா வைக்கும் ஈரம் நீக்கும் பெட்டியை வாங்கி, ஈரப்பதத்தை 45 முதல் 55 விழுக்காட்டுக்குள் வையுங்கள். இதற்கும் மிகக் கீழே இறக்கினால் பழைய காகிதமும் தோல் அட்டையும் உலர்ந்து வெடிக்கும். நாணயங்களை மென்மையான பிவிசி பிளாஸ்டிக் உறையில் வைக்காதீர்கள். அது வெப்பத்தில் சிதைந்து பச்சைப் பசையாக நாணயத்தைத் தின்னும். பாலியெஸ்டர் உறையும் அமிலமற்ற காகிதமும் சற்று விலை கூடியவை, ஆனால் மாற்றவேண்டி வராது. ஆவணத்தின் கிழிசலை ஒட்டும் நாடாவால் ஒட்டக் கூடாது. அதன் பசை சில ஆண்டுகளில் மஞ்சளாகி மையோடு கலந்துவிடும்.

கடைசி வேலை பதிவேடு. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் கொடுத்து, வாங்கிய நாள், ஏலம், லாட் எண், மொத்தச் செலவு, எடை, அளவு, குறைகள் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதி, ரசீதையும் பட்டியலின் அந்தப் பக்கத்தையும் உடன் வையுங்கள். எழுத்தாவணமானால் அதன் முதல் பக்கத்தை எழுத்துப் பெயர்த்து எழுதி வையுங்கள், உங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் எண்களைப் படிக்கத் தெரியாமல் போகலாம். எண்ணைப் பொருளின் மீது எழுதாமல் அதன் உறையின் மீது எழுதுங்கள். பதிவேட்டின் நகல் ஒன்றைப் பொருள் இருக்கும் வீட்டிற்கு வெளியே, உறவினர் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.